செட்டித்தோட்டம் லைனில் பதினேழு சதவீதம்

இந்தப் பையை மட்டும் மடியில வெச்சுக்கறீங்களாண்ணா? மூட்டை இல்லீங்க, மூட்டை கீழயே கெடக்கட்டும், அது பழைய துணி. பைதான் முக்கியம். உள்ள டேப் இருக்குது. சர்வேக்குக் குடுத்த டேப்லெட்டு. உடைஞ்சுதுன்னா என்ர சம்பளத்துல புடிச்சிருவாங்க. தேங்க்ஸுங்ண்ணா. நான் மூட்டை மேல கால் வெச்சு உக்காந்துக்கறேன். இல்ல, வேண்டாம். கால் படக்கூடாதுன்னு அக்கா சொல்லியிருக்கறா.

திருப்பூர் வரைக்குங்களா? நானும் அங்கதான், ஆபீஸுக்கு. மூட்டையை மட்டும் நடுவுல செட்டித்தோட்டம் பிரிவுல எறக்கி விட்டரணும். எப்படியும் இந்த வழியாத்தானே போறேன்னு அக்கா குடுத்து விட்டா, ஆளுங்க வந்து வாங்கிக்குவாங்க. நான் எறங்கறதில்ல. பதினோரு மணிக்கு நான் விளக்கம் குடுக்கணும்.

என்ன விளக்கமுங்களா? இருங்க, மெமோவையே காட்டறேன். ரெண்டே வரிதான். "முதல் வருகையில் அறுபத்தொரு சதவீதம். இரண்டாம் வருகையில் பதினேழு சதவீதம். விளக்கம் தரவும்." கீழ கையெழுத்து, ஹரிகிருஷ்ணன், மேற்பார்வையாளர். ஒரு மனுசன் மனசு என்ன பாடுபடும்னு ஒரு வார்த்தை இருக்குதுங்களா அதுல?

நான் என்ன வேலைன்னே சொல்லலீங்களே. பேரு லோகேஸ்வரன். எம்.எஸ்ஸி புள்ளியியல். நாட்டுல எத்தனை பொம்பளைங்க வேலை செய்யறாங்கன்னு எண்ணறேன். ஆம்பளைங்களையும்தான் எண்ணறோம், ஆனா அதுல சுவாரஸ்யம் இல்லீங்க, எல்லாரும் வேலைன்னே சொல்லுவாங்க. ஆறு மாசமா சீட்டாடறவங்க கூட வேலைன்னுதான் சொல்லுவாங்க. பொம்பளைங்கதான் கஷ்டம். டிவில ஒருத்தரு கோட்டு போட்டுட்டு "பெண்களின் பங்கேற்பு இத்தனை சதவீதம்"னு சொல்லுவாரு பாருங்க, அந்த சதவீதத்துல புள்ளிக்கு அப்புறம் எட்டாவது எடத்துலயோ ஒம்பதாவது எடத்துலயோ நான் இருக்கறேன். நெனச்சாலே புல்லரிக்குது. இப்பக்கூட பாருங்க கையை.

விதி ரொம்ப தாராளமுங்ண்ணா. போன ஏழு நாள்ல ஒரே ஒரு மணி நேரம், காசு வர்ற மாதிரி எதாச்சும் பண்ணியிருந்தாப் போதும். அவங்க வேலையில இருக்கறவங்க. ஒரே ஒரு மணி நேரம்! ஆனா சோறாக்கறது, துவைக்கறது, மாமியாரைத் தூக்கி உக்கார வெக்கறது, மாட்டுக்குத் தண்ணி காட்டறது... இல்லீங்க, மாடு சேரும். மாமியார் சேராது. அதெல்லாம் தொண்ணூத்திரெண்டு. தொண்ணூத்திரெண்டுன்னா வீட்டு வேலை மட்டும் செய்யறவங்களுக்கு உண்டான கோடு. ஒரே தட்டு, முடிஞ்சுது.

செட்டித்தோட்டம் லைன் வீட்டுல எனக்குப் பன்னெண்டு வீடு. பதினஞ்சு வயசுக்கு மேல பொம்பளைங்க இருபத்திமூணு பேரு. மூணு மாசத்துக்கு ஒருக்கா அதே வீடுகளுக்குப் போகணும், மொத்தம் நாலு தடவை. முதல் தடவை ஆடி மாசம் போனேன். அக்காவையும் கூட்டிட்டுப் போனேன்.

அக்கா சர்வேல இல்லீங்க. வீட்ல சும்மாதான் இருக்கறா. பேரு கோகிலவாணி. கல்யாணம் சரிப்பட்டு வராம வந்துட்டா, ஆறு வருசமாச்சு, எங்கூடத்தான். வயசுப் பையன் தனியா போய் கதவு தட்டுனா பொம்பளைங்க பேச மாட்டாங்க, அதனால தொணைக்கு வருவா. வண்டியும் அவதான் ஓட்டுவா, எனக்கு மெயின் ரோடுன்னா பயம். கேள்வி அவ கேப்பா, நான் டேப்ல தட்டுவேன். நாள் பூராத் தட்டுனா விரல் மரத்துப் போயிருமுங்க, வெளிய இருந்து பாக்கறவங்களுக்கு அது தெரியாது.

முதல் வீட்ல நான்தான் கேட்டேன். மைனாவதின்னு ஒரு அக்கா. நாப்பது வயசு இருக்கும். டேப்ல இருக்கற மாதிரியே கேட்டேன். "கடந்த ஏழு நாட்களில் தாங்கள் ஏதேனும் பொருளாதாரச் செயல்பாட்டில் ஈடுபட்டீர்களா?"

அந்தக்கா பயந்துருச்சு. "எங்க ஊட்ல அந்த மாதிரி யாரும் இல்லீங் தம்பி. எங்க ஊட்டுக்காரரு பீடி கூடத் தொட மாட்டாரு."

"வேலைக்குப் போறீங்களான்னு கேக்கறான்க்கா" அப்படின்னா எங்கக்கா.

"வேலைக்கெல்லாம் போறதில்ல. ஊட்ல சும்மாதான்."

நான் தொண்ணூத்திரெண்டு தட்டப் போனேனுங்க. விரல் கிட்டப் போயிருச்சு. எங்கக்கா படக்குன்னு என்ர கையைப் புடிச்சா. "அது என்னடா கோபுரம் மாதிரி?"ங்கறா. திரும்பிப் பாத்தா செவுத்தோரமா கொழந்தை பனியன். இடுப்பு வரைக்கும் குமிச்சிருக்குது. அக்கா போய் பக்கத்துல சம்மணம் போட்டு உக்காந்துட்டா. ட்ரிம்மரை எடுத்தா. குட்டியா இருக்கும் பாருங்க, ரெண்டு விரல்ல புடிச்சு, தையல்ல தொங்கற பிசிறு நூலை டிக் டிக்குனு வெட்டறது. பேசிட்டே வெட்டறா. "எந்தக் கம்பெனி பீஸுக்கா? யாரு கொண்டாந்து போடறது? ஒரு நாளைக்கு எத்தனை ஓடும்?"

அவ்வளவுதான், அந்தக்கா கொட்டிருச்சு. தண்டபாணின்னு ஒரு ஏஜென்ட்டு. மொபெட்டுல மூட்டை கொண்டாந்து போடுவாரு, மறுநா வந்து எடுத்துக்குவாரு. காலைல நாலரைக்கு எந்திரிச்சு சோறாக்கறதுக்கு முன்னால ஒரு கட்டு, மத்தியானம் ரெண்டு கட்டு, நாடகம் பாக்கறப்ப ஒரு கட்டு. பன்னெண்டு வருசமா. பொண்ணு தர்ஷிகா பன்னெண்டாவது படிக்குது, டவுன்ல, வேன்ல போகுது. வேனுக்கு, பள்ளிக்கூட ஃபீஸுக்கு எல்லாம் இந்த மூட்டைதான். ஊட்டுக்காரரு பத்தாவதோட நிறுத்தி பனியன் கம்பெனிக்கு அனுப்பிரலாம்னு சொன்னாராம். "மூட்டை வர்ற வரைக்கும் இவ பள்ளிக்கூடம் போவா, மூட்டை நின்னா நீங்க சொன்னபடி"ன்னு அந்தக்கா பேச்சு முடிச்சு வெச்சிருக்குது.

"அப்ப நீங்க வேலை செய்யறீங்கக்கா!"ன்னு நான் கத்தியே போட்டேன். எனக்கு அவ்வளவு சந்தோசம்.

"இதெல்லாம் ஒரு வேலையா தம்பி? உக்காந்த எடத்துல பண்றது."

"வேலைதான். அதுவும் சாதாரண வேலை இல்ல. கோடு பதினொண்ணு. சுயதொழில். நீங்க சொந்தமா தொழில் நடத்தறவங்க."

"நானா?"

"விதிப்படி நீங்க முதலாளி."

உள்ள இருந்து அவங்க மாமியா ஒரு குரல் விட்டுச்சு பாருங்க. "ஏனுங் முதலாளி, காப்பித்தண்ணி எதாச்சும் கெடைக்குங்களா? மணி பதினொண்ணாச்சு."

லைன் பூரா சிரிப்பு. அன்னிக்குப் பொழுதுக்கும் எல்லாப் பொம்பளைங்களும் ஒருத்தரை ஒருத்தர் முதலாளின்னுதான் கூப்பிட்டாங்க. "முதலாளி, கொழாயில தண்ணி வந்துருச்சு ஓடியா"ன்னு. ஒவ்வொரு வீட்லயும் இதே கதைதாங்க. எல்லாரும் சும்மா இருக்கோம்பாங்க, எங்கக்கா உக்காந்து ஒரு கட்டு வெட்டிக் குடுப்பா, உண்மை வந்துரும். பத்துப் பேரு! மறைஞ்சு கெடந்த பத்துத் தொழிலாளர்! ஏற்கெனவே கம்பெனிக்குப் போறவங்க, அங்கன்வாடி டீச்சர்னு நாலு பேரு. பத்தும் நாலும் பதினாலு. இருபத்திமூணுக்குப் பதினாலு. அறுபத்தொண்ணு சதவீதம்! ராத்திரி எனக்குத் தூக்கமே வரலீங்ண்ணா. அக்கா நல்லாத் தூங்கிட்டா, அவளுக்கு என்ன, நாள் பூரா உக்காந்து பேசிட்டுத்தானே இருந்தா.

டிக்கெட்டுங்களா? ஒரு திருப்பூர். மூட்டைக்குமா? பழைய துணிங்க... சரி, குடுங்க. பாருங்ண்ணா, இந்த பஸ்லயே பொம்பளைங்களுக்கு டிக்கெட்டு இலவசம், ஆனா ஒவ்வொருத்தருக்கும் கிழிச்சுக் குடுக்கறாரு. எண்ணிக்கை கச்சிதமா இருக்கும். இந்தக் கண்டக்டருக்கு யாராச்சும் மெமோ குடுப்பாங்களா? மாட்டாங்க.

எங்க விட்டேன்? ஆங். அதோட நான் நிறுத்தலீங்க. இன்னும் ஒரு பகுதி இருக்குது, தொழிலைப் பத்தி. வேலை குடுக்கறது யாரு, அவருகிட்ட மொத்தம் எத்தனை பேரு, ஒப்பந்தம் எழுதியிருக்குதா, பி.எஃப் உண்டா. அந்தப் பொம்பளைங்களுக்கு அது எதுவும் தெரியல. 'தெரியாது'ன்னு ஒரு கட்டம் இருக்குது, மத்தவங்க அதைத் தட்டிட்டுப் போயிருவாங்க. என்னால முடியாதுங்ண்ணா. அரைகுறையா எனக்கு வராது. மைனாவதி அக்காகிட்ட அந்தத் தண்டபாணி நம்பரை வாங்கி நானே போன் போட்டேன்.

"சார், வணக்கம், சர்வேல இருந்து பேசறேன். செட்டித்தோட்டம் லைன்ல உங்ககிட்டப் பத்துப் பெண் தொழிலாளர் வேலை செய்யறதாப் பதிவாகியிருக்குது. மொத்தம் எத்தனை பேருங்க சார்? பி.எஃப் புடிக்கறீங்களா? எழுத்துல ஒப்பந்தம் எதாச்சும்?"

"ராங் நம்பர்"னாரு. வெச்சுட்டாரு. அதுக்கப்புறம் அடிச்சா ஸ்விட்ச் ஆஃப். நாலு நாள் அடிச்சேன். சில பேருக்கு ஒத்துழைக்கணும்ங்கற எண்ணமே இருக்கறதில்லீங்க.

அறுபத்தொண்ணை எடுத்துட்டு ஆபீஸ் போனேன். பாராட்டுவாங்கன்னு நெனச்சேன். ஹரிகிருஷ்ணன் சார் கண்ணாடியைக் கழட்டித் தொடைச்சாரு. "பக்கத்துப் ப்ளாக்ல பதினெட்டு. உனக்கு மட்டும் என்ன அறுபத்தொண்ணு? நீ பாத்ததை எழுதறயா, அவங்க சொல்றதை எழுதறயா?"

"பாத்தேன், கேட்டேன், சொன்னாங்க சார்."

"பாக்காத. வாயால சொன்னாத்தான் டேட்டா. நீ பாத்து எழுதுனா அது அபிப்ராயம்."

எனக்கு அது ஒறைச்சுருச்சுங்க. சரியாத்தானே சொல்றாரு? அன்னிக்கே நோட்டுல எழுதி வெச்சுட்டேன். வாயால சொன்னாத்தான் டேட்டா.

ஒரு வாரம் கழிச்சு வீட்டுக்கு வந்தா அக்கா மூஞ்சி சரியில்ல. மைனாவதி அக்கா போன் பண்ணி அழுதுச்சாம். அந்தத் தண்டபாணி லைனுக்கு மூட்டை போடறதையே நிறுத்திட்டாராம். கெவர்மெண்ட்டு லிஸ்ட்டு எடுக்குது, எனக்கு வம்பு வேண்டாம்னு வேற ஊருப்பக்கம் போயிட்டாராம். பத்து ஊட்லயும் ட்ரிம்மர் சும்மாக் கெடக்குதாம். தர்ஷிகாவை வர்ற திங்கக்கெழம கம்பெனில சேத்தி விட்டரலாம்னு அவங்கப்பா பேசிட்டாராம்.

"பேரெல்லாம் ரகசியம்க்கா, யாரும் பாக்க முடியாது, சட்டமே இருக்குது"ன்னேன். நான் சொன்னது நூத்துக்கு நூறு உண்மைங்ண்ணா.

"நீ எதுக்குடா அவருக்குப் போன் போட்ட?"

"விடுபட்ட தகவலுக்கு."

மூணு நாள் எங்கூடப் பேசலீங்க. எனக்கு இன்னிக்கு வரைக்கும் காரணம் தெரியல. தோசையைத் தட்டுல வெப்பா, போயிருவா. நாலாவது நாள் அவளே வந்து கேட்டா. "ஏன்டா, நம்ம ஊடு உங்க சர்வேல வருமா?"

"வராதுக்கா. சேம்பிள்ல நம்ம வீடு இல்ல."

"அப்ப நம்ம ஊட்ல என்ன நடந்தாலும் எந்த டேப்லயும் ஏறாதா?"

"ஏறாது. சில வீட்டைப் பாத்தாப் போதும், மீதியைக் கணிச்சுக்கலாம். அதுதான் புள்ளியியலோட அழகே."

"நல்ல அழகு"ன்னா. சொல்லிட்டு வண்டியை எடுத்துட்டு எங்கயோ போனா. யாரோ தண்டபாணியைப் பாத்துட்டு வந்தேன்னா. அதே தண்டபாணியாக்கான்னு கேட்டேன். ஊர்ல ஒரே தண்டபாணிதான் இருக்காங்களான்னா. அதுவும் சரிதானுங்களே.

அதுல இருந்து எங்க வீட்டுக்கு மூட்டை வருதுங்க. பழைய துணி. ஆதரவில்லாத கொழந்தைங்களுக்குக் குடுக்கறாங்களாம். செட்டித்தோட்டம் பொம்பளைங்க பாவம், சும்மாத்தானே இருக்காங்க, அவங்க பிரிச்சு அடுக்கிக் குடுக்கறாங்க. அக்கா வண்டியில கொண்டு போய்க் குடுக்கறதும் திருப்பி எடுத்துட்டு வர்றதும். நோட்டுப் போட்டு யாருக்கு எத்தனை கட்டுன்னு எழுதறா, அழுக்கான பீஸைத் தனியா எடுக்கறா, போன்ல சத்தம் போடறா, "சாயந்தரம் ஆறு மணிக்கு வண்டி வந்துரும், ரெண்டு கட்டு பாக்கி வெச்சீங்கன்னா என்ர மானம் போயிரும்"னு. வீட்ல சும்மா இருக்கறவங்களுக்கு இப்படி எதாச்சும் பொழுதுபோக்கு வேணும்தானுங்க. நடு வீட்ல நடக்க எடமில்ல, சோத்துல நூல் வருது. நான் பொறுத்துக்கறேன்.

ஒரு தடவை கேட்டேன், தொழில் முறையில. "இதுல காசு எதாச்சும் வருதாக்கா?"

"சேவைடா."

"அப்ப கணக்குல வராது."

"வரவே கூடாது சாமி"ன்னா.

ரெண்டாவது விசிட்டு ஐப்பசில. இந்தத் தடவை ரொம்ப சுலபமுங்ண்ணா. நான் கேள்வியை முடிக்கறதுக்குள்ள பதில் வந்துருச்சு. "கடந்த ஏழு நாட்களில்"ன்னேன், "சும்மாத்தானுங் இருக்கறோம்"னாங்க பத்துப் பேரும். அடுத்த வீட்ல இருந்தெல்லாம் குரல் வருது, "நானும் சும்மாதான், எனக்கும் எழுதிக்கோங்க"ன்னு. "வேலை தேடுனீங்களா?" "தேடலீங்." "குடுத்தாப் போவீங்களா?" "எங்கீங் நேரம்?" வேலையில்ல, ஆனா நேரமும் இல்ல. அதுக்குத் தனிக் கோடு இல்லீங்க. தொண்ணூத்திரெண்டுதான்.

மைனாவதி அக்கா வீட்ல மட்டும் கொஞ்சம் நேரம் உக்காந்தேன். அந்தக்கா மொகத்தைப் பாத்தேன், தெளிவா இருந்துச்சு. சேலை பூரா நூல் ஒட்டியிருந்துச்சு. அந்தக்காவுக்கு மட்டுமில்ல, பத்துப் பேரு சேலையிலயும். வேலை வெட்டி இல்லாமப் போனா மனுசனுக்குத் துணிமணி மேல அக்கறை போயிரும் போல. மூலையில அந்தப் பொண்ணு தர்ஷிகா யூனிஃபார்மோட உக்காந்து கெமிஸ்ட்ரி படிச்சுட்டிருந்துச்சு.

"கம்பெனில சேரலயாக்கா பாப்பா?"

"பரீட்சை முடியட்டும்னு விட்டுட்டாருங் தம்பி."

அப்ப வேன் காசு எங்க இருந்து வருது? எனக்கும் தோணுச்சுங்க. ஆனா டேப்ல அதுக்குக் கட்டம் இல்ல. மாணவின்னா தொண்ணூத்தொண்ணு. தட்டிட்டு எந்திரிச்சேன். மாமியா உள்ள இருந்து, "தம்பி, இந்த வாட்டி எங்க மருமவ முதலாளியா தொழிலாளியா?"ன்னு கேட்டுச்சு. "ரெண்டுமில்லீங்க ஆத்தா, தொண்ணூத்திரெண்டு"ன்னேன். "மார்க்கு நல்லாத்தான் வாங்கியிருக்கறா"ன்னுச்சு.

மிச்சம் நாலு பேருதான். இருபத்திமூணுக்கு நாலு, பதினேழு சதவீதம். உள்ளதை உள்ளபடி அனுப்புனேன். மெமோ வந்துருச்சு.

இருங்க, போன் அடிக்குது. சொல்லுக்கா. பஸ்லதான். ஆமா, மூட்டை இருக்குது. கால் வெக்கல. பிரிக்கல. பிரிவு வர இன்னும் நேரமிருக்குது. லெட்டரா? பையில இருக்குது. சரி, குடுத்துட்டுக் கூப்பிடறேன். சரிக்கா. சரி. வெக்கறேன்.

அக்காதான். அவளுக்குத்தாங்க என்ன விடப் படபடப்பு. காரணம் என்னன்னா, விளக்கம் திருப்தியா இல்லீன்னா அடுத்த வாரம் மறு ஆய்வு வரும். நான் இல்ல, வேற டீம், கோயமுத்தூர்ல இருந்து ரெண்டு பேரு. சொல்லாம வருவாங்க, ஒவ்வொரு வீடாப் போய் உக்காருவாங்க. நல்லதுதானே, வரட்டும், ரெண்டு நம்பரும் உண்மைன்னு தெரிஞ்சு போகும்னு சொன்னேன். அக்கா கையில இருந்த டம்ளரைக் கீழ போட்டுட்டா. அப்புறம் அவளே உக்காந்து விளக்கக் கடிதம் எழுதிக் குடுத்தா. என்ர கையெழுத்து கோழி கிண்டுன மாதிரி இருக்கும், அவளுது அச்சு மாதிரி. நான் சொல்லச் சொல்ல எழுதுனா. முதல் தடவை வேலை இருந்துச்சு, எண்ணுனேன். ரெண்டாந் தடவை வேலை போயிருச்சு, எண்ணுனேன். ரெண்டும் சரி. இதைத்தான் சொன்னேன்.

பாக்கறீங்களா? ஒட்டல, சும்மாதான் மடிச்சிருக்கறா. நானும் இன்னும் கையெழுத்துப் போடல. படிக்கறேன் கேளுங்க.

"மதிப்பிற்குரிய ஐயா, செட்டித்தோட்டம் பகுதியில் முதல் வருகையின்போது அனுபவக் குறைவினால், வீட்டில் சும்மா இருந்த பத்துப் பெண்களை வேலை செய்பவர்கள் எனத் தவறாகப் பதிவு செய்துவிட்டேன். தவறு முழுவதும் என்னுடையது. இரண்டாம் வருகையின் பதிவே சரியானது. எனவே மறு ஆய்வு தேவையில்லை எனப் பணிவுடன்..."

இருங்க.

இது நான் சொன்னது இல்லீங்களே.

இல்லீங்ண்ணா, இது என்ன இது? அறுபத்தொண்ணுதான் நான் எண்ணுனதுலயே நல்ல எண்ணிக்கை. அவளே கூட உக்காந்து பிசிறு வெட்டுனா. அவளுக்குத் தெரியாதா? அனுபவக் குறைவாம். புள்ளியியல்ல நான் யுனிவர்சிட்டி ரேங்க்குங்க. பதினாலாவது.

போன் போடறேன் இருங்க. அக்கா? என்னக்கா எழுதியிருக்கற? தவறு என்னுதுன்னு போட்டிருக்கற? அங்க என்ன டிக் டிக்குன்னு சத்தம்? ...இல்லக்கா, அறுபத்தொண்ணு உண்மை. நீயே பாத்த. ...சரி. ...தர்ஷிகாவுக்குப் பரீட்சை எப்பன்னா? மார்ச்சு. ...மார்ச்சு வரைக்கும் யாரும் அங்க வரக்கூடாதா? அதுக்கும் இதுக்கும் என்னக்கா சம்பந்தம்? ...அழறயா? ஏய், அக்கா. ...சரி. சரி, சரி. போடறேன். போடறேன்னு சொல்லிட்டேன்ல? வெய்யி.

ஆறு வருசத்துல அவ என்கிட்ட எதும் கேட்டதில்லீங்க. எனக்கு ஒரு சட்டை எடுத்தாக்கூட அவதான் எடுத்துக் குடுப்பா. புள்ளியியல் படிக்கறேன்னப்ப ஊர் பூரா சிரிச்சாங்க, அவ வளையலை வித்து ஃபீஸ் கட்டுனா.

பேனா இருக்குதுங்களாண்ணா? குடுங்க. அந்தப் பையை அப்படியே பலகை மாதிரிப் புடிங்க. ஓட்டத்துல கையெழுத்து கோணிப் போகுது. போகட்டும். ல, லோ... ஆச்சு. தேங்க்ஸுங்க. ஹரிகிருஷ்ணன் சார் சந்தோசப்படுவாரு. பதினேழுதான் அவருக்குப் புடிச்ச நம்பர், பக்கத்துப் ப்ளாக்கோட ஒட்டி வரும். மறு ஆய்வு வராது. அவருக்கும் அலைச்சல் மிச்சம்.

என்னங்ண்ணா மூட்டையையே பாக்கறீங்க? ஓ, வாய் அவுந்துருச்சுங்களா? ஐயோ, பிரிக்கக் கூடாதுன்னு சொன்னா. கொஞ்சம் அந்தக் கயித்தை இழுத்துக் கட்டுங்க. நீங்க பனியன் கம்பெனிங்களா? கட்டிங் மாஸ்டரா? இத்தனை நேரம் சொல்லவே இல்லியே! அப்ப இதெல்லாம் உங்களுக்கு அத்துப்படி. என்ன, எல்லாம் ஒரே சைஸா? ஆறு மாசக் கொழந்தைக்குண்டானதா? இருக்கும், ஆதரவில்லாத கொழந்தைங்க அந்த வயசுல நெறைய இருக்காங்க போல. லேபிள் புதுசா இருக்குதுங்களா? பிசிறெல்லாம் அப்படியே தொங்குதா?

அட, நீங்களும் எங்க ஹரிகிருஷ்ணன் சார்கிட்ட ஒரு நாள் வேலை பாக்கணுமுங்ண்ணா. நீங்க பாத்து சொல்றீங்க. அது அபிப்ராயம். அக்கா வாயால பழைய துணின்னு சொன்னா. அதுதான் டேட்டா.

ஏனுங் சிரிக்கறீங்க?

சரி, எங்கக்காவையே எடுத்துக்கங்க. என்ர வீட்டுக்கு நாளைக்கு ஒருத்தன் டேப்போட வந்தான்னா, மொத்த ஆளு ரெண்டு, வேலையில இருக்கறது ஒண்ணு. நான். அக்காவுக்குத் தொண்ணூத்திரெண்டு. யோசிக்கவே வேண்டாம்.

பிரிவு வந்துருச்சு. கண்டக்டரண்ணா, ஒரு நிமிசம்! மூட்டை எறக்கணும்! அண்ணா, கொஞ்சம் ஒரு கை புடிங்க. யப்பா. என்ன கனம் கனக்குது. இதை அவ தெனம் ஒத்தை ஆளா வண்டியில தூக்கி வெக்கறா, எப்படித்தான் முடியுதோ. ஆங், அப்படித்தான், தள்ளுங்க. மைனாவதிக்கா, புடிங்க! புடிச்சுட்டீங்களா? அக்கா ஆறு மணிக்கு வர்றாளாம்! ரைட், ரைட், போலாம்.

உஸ்ஸ்.

பாத்தீங்களா? மைனாவதிக்காதான் அது, முன்னால நின்னது. கூட அஞ்சு பேரு. பஸ் வர்றதுக்கு முன்னாலயே வந்து வரிசையா நிக்கறாங்க. வேலையில்லாதவங்ககிட்ட இது ஒண்ணுதாங்க சவுகரியம், சொன்ன நேரத்துக்குக் கரெக்டா வந்துருவாங்க.

உங்க சட்டையில நூலு ஒட்டியிருக்குது பாருங்க.